சிலிக்கான் இன்ஷிரா

பழுப்பேறிய சிலிக்கான் பட்டையின் ஒரு முனையைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இன்ஷிரா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். இனி இழுக்க வேண்டும். சுவரை ஒட்டி, தாழ்வாக, மெல்ல. மேலே தூக்கி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி முனை தேட வேண்டும். குளியல் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துண்டாக வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். வந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். பாம்புச் சட்டை போலத் தொங்கும். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருக்கும். ஆனால் குளியலறைக் கதவு சாத்தியிருக்கும்.

சாத்தச் சொல்வது வீட்டுக்காரர்கள்தான். புதிதாகப் போட்ட சிலிக்கான் காய்கிறவரைக்கும் ஊறுகாய்க் காடி போல ஒரு நெடி வரும். அது சமையலறைக்குப் போகக் கூடாது, குழந்தை தூங்குகிற அறைக்குப் போகக் கூடாது. "ஜன்னலைத் திறந்துக்கோ, கதவைச் சாத்திக்கோ" என்பார்கள். ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்து மேடுகளில் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக நிற்கிற வெள்ளைக் கல் வீடுகளில், சாத்திய கதவுகளுக்குப் பின்னால்தான் பதினாறு வருஷமாக அவளுடைய பாதிப் பகல் போயிருக்கிறது. கதவுக்கு அப்பால் பேசுவது கேட்கும். ஒரு வீட்டில் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதையும், இன்னொரு வீட்டில் மருமகள் கர்ப்பமானதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். இரண்டு பெண்களையும் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது.

அவளுடைய பையில் கத்தி இருக்கிறது, தகட்டுச் சுரண்டி இருக்கிறது. ஆனால் அதிகம் வெளியே வருவது, கெட்டியான ஷாம்பு பாட்டில்களை வெட்டி அவளே செய்துகொண்ட பிளாஸ்டிக் சுரண்டிகள். "இரும்பு சீக்கிரம் வேலை முடிக்கும், ஆனா தொட்டியில கீறல் விழும். கீறல்ல அழுக்கு தங்கும். அப்புறம் ஆயுசு பூரா என்னைத் திட்டுவீங்க" என்பாள். கல்லாக இறுகிப்போன பழைய அடைப்புக்கு ஒரு முடி உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கிறாள். அதன் சூட்டில் சிலிக்கான் வெண்ணெய்போல இல்லாவிட்டாலும் பாலாடைக்கட்டி அளவுக்காவது இளகும். பல் தேய்க்கும் பிரஷ் நாலு. ஸ்பிரிட் பாட்டில் ஒன்று. பழைய பனியன் துணி. பட்டையை உரித்த பிறகு விரலால் தடவினால் இன்னும் ஒரு வழவழப்பு இருக்கும். அது பழைய சிலிக்கானின் எச்சம். அதன்மேல் புதியது ஒட்டாது. அந்த வழவழப்பு போகிறவரைக்கும் தேய்ப்பாள். மூன்று மணி நேர வேலையில் இரண்டரை மணி நேரம் எடுப்பதும் துடைப்பதும்தான். வீட்டுக்காரர்களுக்கு இது விளங்காது. ஒரு குழாயைப் பிதுக்குவதற்கா இவ்வளவு நேரம் என்று வெளியே முணுமுணுப்பார்கள்.

புதியது போடுவதற்கு முன்னால் தொட்டியை நிறைக்க வேண்டும். ஆள் இறங்கிக் குளிக்கும்போது தொட்டி ஒரு மயிரிழை கீழே அமுங்கும். அமுங்கிய நிலையில் அடைத்தால்தான் பிறகு விரிசல் விடாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும் ஊரில், சிலிக்கானுக்காகத் தொட்டி நிறையத் தண்ணீர் என்று சொன்னால் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? அதனால் அரிசி மூட்டையையும், வருஷத்துக்கு வாங்கி வைத்திருக்கிற ஆலிவ் எண்ணெய் டின்களையும் கொண்டுவரச் சொல்லித் தொட்டிக்குள் அடுக்குவாள். கம்பளிக் காலுறையோடு தானும் உள்ளே இறங்கி மண்டியிடுவாள். எண்ணெய் டின்களுக்கு நடுவே, சுவரைப் பார்த்து, தொழுகிறவளைப்போல உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மேலும் கீழும் இரண்டு வரி டேப் ஒட்டுவாள். குழலின் மூக்கைச் சாய்வாக வெட்டுவாள். குழல் பொருத்திய பிதுக்கும் துப்பாக்கியை ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல், கோடி வரைக்கும் கொண்டுபோவாள். சோப்புத் தண்ணீரில் ஆள்காட்டி விரலை நனைத்து ஒரே ஒரு தடவை வழிப்பாள். "ரெண்டாவது தடவை தடவுறவங்க பயந்தவங்க" என்பது அவள் கட்சி. ஈரம் மாறுவதற்குள் டேப்பை உரித்தால், வெள்ளைக் கோடு ஒன்று சுவரும் தொட்டியும் சேர்ந்தே பிறந்தவைபோல நிற்கும். பிறகு வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரையும் குளியலறை வாசலுக்குக் கூப்பிடுவாள், பல்லில்லாத கிழவர் உட்பட. "நாளைக்கு இதே நேரம் வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்று தனித்தனியாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் காலணி மாட்டுவாள்.

அந்த ஆள்காட்டி விரலில் ரேகை இல்லை. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது இயந்திரம் அதை மூன்று முறை நிராகரித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன், "யாரு நீங்க, சின்னம்மா? உங்களை இதுக்கு அடையாளம் தெரியலையே" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். இடது கை விரலை வைத்து முடித்துக்கொண்டு வந்தாள்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி, நாலு வருஷம் குழந்தையில்லாமல் போனதால் அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் இன்ஷிரா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அஷ்ரஃபியே மேட்டில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதி அவளுக்கு மிஞ்சியது. பெண்களுக்குக் குழாய் வேலை கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். ஆண் வேலைக்காரன் வருவதென்றால் கணவனோ அண்ணனோ வீட்டில் இருக்க வேண்டும். பெண் வருவதென்றால் யாரும் காத்திருக்க வேண்டாம். முழங்கால் வலி வந்தபிறகு குழாயை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் வைத்துக்கொண்டாள். தொட்டி ஓரம், சமையல் மேடை ஓரம், ஜன்னல் ஓரம். இந்த ஊரில் ஒரு பெண்ணை அவள் மகன் பெயரைச் சேர்த்து, இன்னாருடைய அம்மா என்றுதான் அழைப்பார்கள். புதிய வீட்டில் "யாரோட அம்மா நீங்க?" என்று கேட்டால், "யாரோட அம்மாவும் இல்ல, சிலிக்கான் இன்ஷிரான்னு ஃபோன்ல போட்டுக்கோங்க" என்பாள். அப்படித்தான் நானூறு, ஐந்நூறு ஃபோன்களில் அவள் இருக்கிறாள்.

எந்த மேட்டுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பது அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் நாளில் வீடு முழுக்கத் துவைப்பதும் கழுவுவதுமாக இருக்கும், குளியலறை கிடைக்காது. ஆகவே தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, அது இல்லாத இடமாகப் பார்த்து நகர்வாள். சாமான் வாங்குவது நகரத்தின் கீழ்ப்பகுதியில், அபூ ராக்கானின் கடையில். அறுபதைத் தாண்டிய மனிதர். அவள் படியேறும்போதே முனிவர்ப்பூண்டு என்கிற வாசனை இலை போட்ட தேநீரை ஊற்றிவிடுவார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றபடி குடிப்பாள், அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தபடி குடிப்பார். பேச்சு பெரும்பாலும் மழையைப் பற்றி. வாரத்தில் அவள் ஒருவரோடு சேர்ந்து குடிக்கிற தேநீர் அது ஒன்றுதான்.

போன ஐப்பசியில் லுவைப்தே மேட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நுஸ்ஹா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எழுபத்தாறு வயது. தெருவே இன்னமும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறது. கணவர் இல்லை, ஒரே மகன் அமெரிக்காவில். தொட்டி ஓரம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. இன்ஷிரா வந்து, உரித்து, தேய்த்து, போட்டுவிட்டுப் போனாள். அந்த வீட்டில் மட்டும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. நுஸ்ஹா மிஸ் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் டேப், ஏன் சாய்வாக வெட்டுகிறாய், ஏன் ஒரே தடவை. பதில் சொல்லிச் சொல்லி இன்ஷிராவுக்குத் தொண்டை கட்டியது. அவ்வளவு பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை.

தை மாதம் மறுபடி அழைப்பு. அடைப்பு விட்டுவிட்டதாம், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறதாம். அவள் போவதற்குள் நுஸ்ஹா மிஸ் பழையதை முழுக்கப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். "உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான்" என்றார். மூன்று மாதத்தில் அவள் போட்ட வேலை விட்டுப்போனது அதுதான் முதல் தடவை. அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பிரிட்டால் சரியாகத் துடைத்தோமா, டின்கள் போதுமான கனமா என்று யோசித்து, கடைசியில் குழலில்தான் குறை என்று முடிவு செய்தாள். மறுநாள் அபூ ராக்கானிடம் போய், காலாவதியான சரக்கை எனக்குத் தள்ளிவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அவர் குழலைத் திருப்பித் தேதியைக் காட்டினார். தேதி சரியாகத்தான் இருந்தது. தேதியை மாற்றி அச்சடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியவள், அதன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. ஊரின் மறுகோடியில், அவளை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய கடையில் வாங்க ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டுக்காரி உம்மு ஹைத்தம் சும்மா இருக்கவில்லை. கூரையில் விழுந்த மஞ்சள் கறையைப் படமெடுத்துத் தன் வாட்ஸ்அப் கூட்டத்துக்கெல்லாம் அனுப்பினாள். பத்து வருஷம் நிற்கும் என்ற சிலிக்கான் மூன்று மாதம் நின்றது என்று கீழே எழுதியிருந்தாள். இரண்டு வீடுகள் இன்ஷிராவிடம் இப்போது வேண்டாம் என்றன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெண்கள் விடுதி எழும்பியிருந்தது, முப்பது குளியலறை. அதைப் பார்த்துக்கொள்பவள் உம்மு ஹைத்தமின் தங்கை. அந்த வேலை இன்ஷிராவுக்கென்று ஏறக்குறையப் பேசி முடித்திருந்தது. "கொஞ்சம் பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்று இப்போது செய்தி வந்தது.

பங்குனியில் நுஸ்ஹா மிஸ் மூன்றாம் முறை அழைத்தார்.

இந்தத் தடவையும் பட்டையைப் பிய்த்துப் போட்டிருந்தார். ஆனால் குழாய்க்குக் கீழே, அவர் கை எட்டாத மூலையில், ஒரு விரல் நீளத் துண்டு தங்கியிருந்தது. இன்ஷிரா ஃபோன் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தாள். தானாக விட்டுப்போன சிலிக்கான் அலை அலையாக எழும்பும். அடியில் கறுப்பு ஓடும். இது அடிநுனி சுத்தமாக, கோடு கிழித்ததுபோல அறுந்திருந்தது. முனையில் அடுத்தடுத்து இரண்டு சின்னத் துளைகள். துணியை நனைக்கப் போகிறவள்போலச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கவிழ்க்கிற தட்டில், நுனி இரண்டாகப் பிளந்த பாலாடைக்கட்டிக் கத்தி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பிடியை ஒட்டி வெள்ளையாக ஒரு துணுக்கு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சிலிக்கான்தான்.

திரும்பி வந்து, "மிஸ், இதை யாரு அறுத்தது?" என்று கேட்டாள்.

"பழசாயிடுச்சு போல."

"பழசானா இப்படி இருக்காது. இது கத்தி."

நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவர் அந்த அம்மாள். எப்படி நின்றால் பொய் தெரியும் என்று அவருக்குத் தெரியாதா? முக்காலியில் உட்கார்ந்து, பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்" என்றார். "நீ போட்டா பத்து வருஷத்துக்குக் கூப்பிடவே வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்றாங்க. எனக்கு எழுபத்தாறு வயசு. பத்து வருஷத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இன்ஷிராவுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, கோபம். அபூ ராக்கானைப் பற்றிச் சொன்னாள். கைவிட்டுப் போன வீடுகளைச் சொன்னாள். விடுதியைச் சொன்னாள். உங்களுக்கு ஒரு நாள் பேச்சுத்துணைக்கு என் பதினாறு வருஷப் பேரை அறுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாள். கீழே தண்ணீர் இறங்குவது தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றார் நுஸ்ஹா. "அவ மேல வந்து சத்தம் போடுறா. போடட்டுமே. அதுக்காவது ஒருத்தி கதவைத் தட்டுறாளே."

"இப்பவே கீழ போய் உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா நாளைக்கு என் மகனுக்குத் தெரிஞ்சுடும். வீட்டை வித்துட்டு வாங்கன்னு மூணு வருஷமா நிக்கிறான். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. அங்க போய் யாரோட பேசறது? மருமகளுக்கு நம்ம பேச்சே தெரியாது." முக்காலியிலிருந்து எழுந்து, "ஆனா நீ போய்ச் சொல்லு. உன் பேரு அது. நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

இன்ஷிரா வேலையை முடித்தாள். சொற்களே இல்லாமல் தேய்த்தாள், ஒட்டினாள், போட்டாள், வழித்தாள். அறுபட்ட துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு படியிறங்கினாள். சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினாள்.

உம்மு ஹைத்தம் கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வாங்க, பத்து வருஷக்காரி. இந்தத் தடவை என்ன சாக்கு?" என்றாள். பிறகு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க நல்லாத்தானே இருக்காங்க? நேத்துக்கூட மகன் எனக்கு ஃபோன் பண்ணினான். அம்மா நடத்தையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே சொல்லச் சொல்லியிருக்கான்."

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தவர் கேட்கிற கேள்விதான். இன்ஷிராவின் கைக்குள் அந்தத் துண்டு ரப்பர்போல மெத்தென்று இருந்தது. அப்போது அவள் தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். தனக்கு ஏதாவது வித்தியாசமாகிவிட்டால் யாரிடம் கேட்பார்கள், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று.

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "தப்பு என்னோடது. சுவர் காயறதுக்குள்ள போட்டுட்டேன்."

ஈரச் சுவரில் அவள் ஒரு நாளும் போட்டதில்லை. தன் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அதுதான். உம்மு ஹைத்தம் வெற்றியோடு தலையாட்டினாள். ஒப்புக்கொண்டதே பெரிசு என்றாள். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு இன்ஷிரா தெருவுக்கு வந்தாள். நாலு நாள் கழித்து விடுதியிலிருந்து செய்தி வந்தது. வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று, இறைவன் உனக்கு வேறு வழி காட்டுவான் என்று. கூடவே ஒரு ரோஜாப்பூப் படம். அவளும் ஒரு ரோஜாப்பூவைத் திருப்பி அனுப்பினாள்.

அபூ ராக்கானின் படியை ஏறுவது அதைவிடக் கடினமாக இருந்தது. இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை நேராகக் கல்லா முன்னால் நின்று, கடையில் ஆட்கள் இருக்கும்போதே, குழல் நல்ல குழல்தான், குறை வேறு இடத்தில், உங்களைச் சொன்னது தப்பு என்றாள். எந்த இடத்தில் என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டு மாசமா டீ ஆறிக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பங்குனியில் அந்த வேலையை முடித்துக் கிளம்பும்போது நுஸ்ஹா மிஸ்ஸிடம் அவள் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான். இனிமேல் கத்தியைத் தொடாதீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். நுஸ்ஹா அதற்கு, "என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்று கேட்டார். இன்ஷிரா காலணியை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. அடைப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஒவ்வொரு நாளும் ஃபோனை எடுத்துப் பார்க்கும்போது அந்த அர்த்தம் அவளைக் குத்தியது.

சித்திரையில் ஒரு புதன்கிழமை. லுவைப்தேயின் தண்ணீர் நாள். அந்த மேட்டில் அவளுக்கு வேலை இருக்க முடியாத நாள். எள் தூவிய ரொட்டி இரண்டை வாங்கிக்கொண்டு படியேறினாள். பை இல்லாததால் தோள் ஒரு பக்கம் லேசாகி, நடை கோணலாக வந்தது. நுஸ்ஹா கதவைத் திறந்து, முதலில் அவள் தோளைத்தான் பார்த்தார்.

"நான் ஒண்ணும் அறுக்கலையே" என்றார்.

"தெரியும் மிஸ்."

பழக்கத்தில் கால்கள் நேராகக் குளியலறைப் பக்கம் திரும்பின. நுஸ்ஹா அவள் முழங்கையைத் தொட்டு முன்னறைக்குள் அழைத்துப் போனார். மூன்று முறை வந்தும் அவள் பார்த்திராத அறை. நாவல்பழ நிறத்தில் வெல்வெட் சோபா. ஒரு சுருக்கம் இல்லை. இன்ஷிரா தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். இருப்பதில் நல்லதுதான், ஆனாலும் முழங்கால் பக்கம் வெள்ளையாக இரண்டு சொட்டு இறுகியிருந்தது. அவளிடம் அது இல்லாத துணி கிடையாது. மேசைமேல் இருந்த செய்தித்தாளில் ஒரு தாளை உருவி, சோபாவின் விளிம்பில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

நுஸ்ஹா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, எதிரே இருந்த தன் நாற்காலியில் மூலை மடங்காமல் விரித்து, அதன்மேல் தாமும் உட்கார்ந்துகொண்டார்.